வரியில் கைவைக்குமுன் கணக்கைக் காட்டுங்கள்

இலங்கைப் பாராளுமன்றத்தின் அரசாங்க நிதி பற்றிய குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தவிசாளர் அவர்களுக்கும் குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். நான் வவுனியாவில் சிறிய கடைகளுக்கும் பட்டறைகளுக்கும் கணக்கு எழுதுகிறவன். பெறுமதி சேர் வரிச் சட்டம் வந்த 2002ஆம் ஆண்டில்தான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். பொருளாதாரம் படித்தவன் அல்ல. ஆனால் கொழும்பில் எடுக்கப்படும் ஒவ்வொரு வரித் தீர்மானமும் சில நாட்களில் எங்கள் பேரேட்டில் வந்து விழும். அங்கிருந்து பார்த்ததைத்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

போன வாரம் பழைய கோப்புகளை இறக்கி வைத்து, வற் என்று நாங்கள் சொல்லும் அந்தப் பெறுமதி சேர் வரி எத்தனை தரம் மாறியது என்று குறித்துப் பார்த்தேன். 2016 மே மாதத்தில் 11 சதவீதத்திலிருந்து 15 ஆனது. உரிய முறைப்படி சட்டம் நிறைவேறாமலே கூட்டியதால் ஜூலையில் உயர் நீதிமன்றம் அதை இடைநிறுத்தியது, திரும்பவும் 11. சட்டம் நிறைவேறியபின் நவம்பரில் மறுபடி 15. 2019 டிசம்பரில் ஒரேயடியாக 8. 2022 ஜூனில் 12, அதே ஆண்டு செப்டெம்பரில் 15, 2024 ஜனவரியில் 18. எட்டு ஆண்டு முடியுமுன் ஏழு மாற்றங்கள்.

ஒரு வீதம் மாறுவது உங்களுக்கு ஒரு வர்த்தமானி. எங்களுக்கு அது பற்றுச்சீட்டுப் புத்தகம் முழுவதையும் மாற்றுவது, கையிருப்புச் சாமானுக்கு எந்த வீதம் என்று தலையைப் பிய்த்துக்கொள்வது, நேற்று வாங்கிய ஆளுக்கு இன்று ஏன் வேறு விலை என்று விளக்குவது. எனக்குத் தெரிந்த ஒரு சிறு கட்டட ஒப்பந்தக்காரர் 8 சதவீதம் இருந்த காலத்தில் விலை குறித்துக் கொடுத்து, 15 சதவீதம் வந்தபின் வேலையை முடித்தார். சாமான் விலையும் அதற்குள் எங்கேயோ போய்விட்டது. அவர் பிறகு இரண்டு ஆண்டுகள் புதிய வேலை எதையும் பொறுப்பெடுக்கவில்லை. பொருளாதாரம் மெதுவாக வளர்கிறது என்று நீங்கள் அறிக்கைகளில் வாசிக்கிறீர்களே, அதன் ஒரு முகம் இதுதான். நாளைக்கு என்ன வரி என்று தெரியாதவர் புது இயந்திரம் வாங்கமாட்டார், இன்னொரு ஆளை வேலைக்கு வைக்கமாட்டார். இருக்கிறதைக் காப்பாற்றிக்கொண்டு பேசாமல் இருப்பார்.

இந்த ஏழு மாற்றங்களில் 2019 டிசம்பரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். இந்த மடலை எழுதுவதற்குக் காரணமே அதுதான்.

ஜனாதிபதித் தேர்தல் முடிந்து இரண்டு வாரத்தில் அந்த அறிவிப்பு வந்தது. வற் 15 சதவீதத்திலிருந்து 8 ஆகக் குறைந்தது. தேசத்தைக் கட்டியெழுப்பும் வரி முற்றாக நீங்கியது. சம்பளத்தில் மாதாமாதம் கழிக்கும் வரியும் அடுத்த சில வாரங்களில் நின்றது. வருமான வரியில்லாத எல்லை ஆண்டுக்கு 30 லட்சம் ரூபா ஆனது. வற் வரிக்குப் பதியவேண்டிய விற்பனை எல்லை ஆண்டுக்கு 1 கோடி 20 லட்சம் ரூபாவாக இருந்தது, 30 கோடியாக உயர்ந்தது. அந்த டிசம்பர் தொடக்கத்தில் பாராளுமன்றம் ஒத்திவைக்கப்பட்டது. 2020 மார்ச்சில் கலைக்கப்பட்டது. ஆகஸ்டில்தான் புதிய சபை கூடியது. வருமான வரி மாற்றங்களுக்கான திருத்தச் சட்டம் 2021 மே மாதத்தில்தான் நிறைவேறியது. ஆக, ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு நாங்கள் அறிவித்தல்களை நம்பித்தான் கணக்கு எழுதினோம். ஒரு கிராமச் சங்கத்தில் சந்தாவைக் குறைப்பதென்றால்கூடக் கூட்டம் கூட்டிப் பேசுவார்கள். அரசியலமைப்பின் 148ஆம் உறுப்புரை பொது நிதியின் முழுக் கட்டுப்பாட்டையும் பாராளுமன்றத்திடம் கொடுத்திருக்கிறது. அப்படியிருக்க, நாட்டின் வருமானத்தில் இவ்வளவு பெரிய பகுதியை விட்டுக்கொடுத்தபோது "இதனால் எவ்வளவு போகும், அதை எங்கிருந்து நிரப்புவோம்" என்று ஒரு தாள்கூட மக்கள் முன் வரவில்லை.

அன்று சந்தோஷப்பட்டவர்களில் நானும் ஒருவன். மறைக்க விரும்பவில்லை. என் வாடிக்கையாளர்களில் பலர் வற் பதிவிலிருந்து விடுபட்டார்கள். காலாண்டு அறிக்கை இல்லை, அபராதப் பயம் இல்லை. வேலை குறைந்தது என்று நினைத்தேன். என்ன இழக்கிறோம் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

வற் வரி ஒரு சங்கிலி. மரம் விற்பவர் தளபாடம் செய்பவருக்குப் பற்றுச்சீட்டுக் கொடுப்பார்; தளபாடம் செய்பவர் கடைக்காரருக்குக் கொடுப்பார்; ஒவ்வொருவரும் தான் வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொண்டு மீதியைத் திறைசேரிக்குக் கட்டுவார். கழித்துக்கொள்ள வேண்டுமென்றால் பற்றுச்சீட்டு வேண்டும். அதனால் வாங்குகிறவரே விற்கிறவரிடம் பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குவார். யாரும் காவல் நிற்காமலே கணக்கு எழுதப்படும். எல்லையை 30 கோடிக்குத் தூக்கியபோது இந்தச் சங்கிலி நடுவில் அறுந்தது. பதிவில் இருந்த வியாபாரங்களில் பெரும்பகுதி வெளியே போயிற்று. வெளியே போனவருக்குப் பற்றுச்சீட்டுத் தேவையில்லை, அவருக்கு விற்கிறவருக்கும் தேவையில்லை. பிறகு 2022இலும் 2024இலும் எல்லையை இறக்கி 8 கோடி, 6 கோடி என்று கொண்டுவந்தீர்கள். சரி, எல்லையை ஒரு திருத்தச் சட்டத்தால் இறக்கலாம். ஆனால் பற்றுச்சீட்டு எழுதும் பழக்கம் ஒரு சட்டத்தால் திரும்பி வராது. இரண்டு மூன்று ஆண்டுகள் தாளில்லாமல் வியாபாரம் செய்து பழகியவரை மறுபடி தாளுக்குக் கொண்டுவர நான் இன்றும் மன்றாடிக்கொண்டிருக்கிறேன்.

விலையாவது குறைந்ததா? என் பேரேடுகளில் நான் கண்டது, இரண்டு மூன்று பொருட்களில் சில வாரங்கள் இறங்கியது, அவ்வளவுதான். 2020 அக்டோபரில் சீனியில் நடந்ததை நாடே பார்த்தது. இறக்குமதிச் சீனியின் மேல் கிலோவுக்கு 50 ரூபாவாக இருந்த விசேட பண்ட அறவீடு என்ற வரி ஓர் இரவில் 25 சதமாகியது. கடைக்கு வந்த சீனியின் விலை அந்த அளவுக்கு இறங்கவேயில்லை. திறைசேரி விட்ட பணம் தேநீர் குடிப்பவரிடம் வந்து சேரவில்லை.

2019இல் ஏறத்தாழ 1.7 டிரில்லியன் ரூபாவாக இருந்த வரி வருமானம் 2020இல் 1.2 டிரில்லியன் ஆனது. கொரோனாவும் அதில் ஒரு காரணம்தான், அதை ஒதுக்கிவிட்டுப் பேசுவது நேர்மையாகாது. ஆனால் தொற்று வந்தபோது கையில் ஒன்றும் இல்லாமல் நின்றதற்கு அந்த வரிக்குறைப்புக் காரணம். கடன் தரப்படுத்தும் நிறுவனங்கள் நாட்டின் தரத்தை இறக்கின, வெளிச்சந்தையில் கடன் எடுக்கும் வழி அடைபட்டது, மத்திய வங்கி பணத்தை அச்சிட்டுத் திறைசேரிக்குக் கொடுத்தது. 2021இல் வரி வருமானம் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 8 சதவீதத்துக்கும் கீழே போயிற்று. 1990 அளவில் அது 19 சதவீதத்தை ஒட்டி இருந்த நாடு இது. 2021இன் இரசாயன உரத் தடை வயல்களை வாட்டியது. 2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தோம். அந்த ஆண்டு பொருளாதாரம் 7 சதவீதத்துக்கு மேல் சுருங்கியது. செப்டெம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டது. எரிவாயுவுக்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நின்ற நாட்களை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

2023 நவம்பரில் உயர் நீதிமன்றம், இந்த நெருக்கடிக்குக் காரணமான தீர்மானங்களை எடுத்த முன்னாள் ஆட்சியாளர்களும் அதிகாரிகளும் பொதுமக்கள் தங்கள்மீது வைத்த நம்பிக்கையை மீறினார்கள் என்று பெரும்பான்மைத் தீர்ப்பாகச் சொன்னது. அந்தத் தீர்ப்பை நான் மதிக்கிறேன். ஆனால் தீர்ப்பு நடந்து முடிந்ததைப் பற்றியது. அடுத்த தடவை நடக்காமல் தடுக்கவேண்டிய இடம் உங்கள் குழு.

அப்புறம் நடந்தது மறுபக்கத்துக் கதை. விட்ட வரியையெல்லாம் அவசர அவசரமாகத் திரும்பப் பிடித்தீர்கள். 2022 அக்டோபரில் 2.5 சதவீத சமூகப் பாதுகாப்பு உதவுதொகை வரி வந்தது. அது விற்பனைத் தொகை மேல் விழுவது. வற் போலக் கழித்துக்கொள்ள இடமில்லை. 2023 ஜனவரியில் மாதம் ஒரு லட்சம் ரூபாவுக்கு மேல் உழைப்பவர் எல்லாரும் வருமான வரிக்குள் வந்தார்கள். சிறு சிறு படிகளாக ஏறி மாதம் ஏறத்தாழ 3 லட்சத்துப் பத்தாயிரத்தைத் தாண்டும்போது 36 சதவீதம். வைத்தியர்களும் பல்கலைக்கழக ஆசிரியர்களும் தெருவுக்கு வந்தார்கள். 2022இல் மட்டும் 3 லட்சத்துக்கு மேற்பட்டோர் வேலை தேடி வெளிநாடு போயிருந்தார்கள். வருமான வரியின் அந்த ஒரு லட்ச எல்லையை 2025 ஏப்ரலில் ஒன்றரை லட்சமாக உயர்த்தினீர்கள், அது நல்ல காரியம். 2024 ஜனவரியில் வற் 18 ஆனதோடு, எரிவாயு, பெற்றோல், டீசல் எல்லாம் அதற்குள் வந்தன.

வருமானம் உயர்ந்தது, உண்மைதான். 2024இல் பொருளாதாரம் 5 சதவீதம் வளர்ந்தது, அதுவும் உண்மை. ஆனால் விழுந்த பள்ளத்திலிருந்து ஏறுகிற வளர்ச்சிக்கும், புதிதாகக் கட்டியெழுப்புகிற வளர்ச்சிக்கும் வித்தியாசம் இருக்கிறது. நாட்டில் நான்கில் ஒருவர் வறுமையில் இருக்கிறார் என்று உலக வங்கி கணக்கிட்ட அதே காலம் இது. எங்கள் வரி வருமானத்தில் பெரும்பங்கு இன்னும் பொருட்கள் மேலும் சேவைகள் மேலும் விழுகிற வரிதான். மாதம் 40 ஆயிரம் ரூபாவில் குடும்பம் நடத்துகிறவர் கையில் வந்த பணம் முழுவதையும் செலவழித்தாகவேண்டும். 10 லட்சம் உழைப்பவர் பாதியைச் சேமித்து வைப்பார். ஆகவே 18 சதவீதம் என்பது இருவருக்கும் ஒரே 18 அல்ல. இதை ஒரு கணக்கெழுத்தாளனாக நான் மாதாமாதம் பார்க்கிறேன். கடன் கொப்பியில் பெயர்கள் கூடுகின்றன. முன்பு அரிசிக்கும் மாவுக்கும் கடன் எழுதியவர்கள் இப்போது சவர்க்காரத்துக்கும் கடன் எழுதுகிறார்கள்.

இங்கேதான் வரியும் வரவு செலவுத் திட்டமும் மந்த வளர்ச்சியும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. 2023இல் அரசாங்கம் ஈட்டிய வருமானம் ஏறத்தாழ 3 டிரில்லியன் ரூபா. அதில் முக்கால் பங்குக்கும் மேல் வட்டிக்கே போயிற்று. சர்வதேச நாணய நிதியத்தின் 300 கோடி டொலர் திட்டத்தின்படி, வட்டியைத் தவிர்த்த செலவை விட வருமானம் மொத்த உற்பத்தியில் 2.3 சதவீதம் கூடுதலாக இருக்கவேண்டும். வட்டி தவிர்ந்த செலவு மொத்த உற்பத்தியில் 13 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று 2024இன் பொது நிதி முகாமைத்துவச் சட்டம் வரம்பு போட்டிருக்கிறது. 2023இன் புதிய மத்திய வங்கிச் சட்டம், பணத்தை அச்சிட்டுத் திறைசேரிக்குக் கொடுக்கும் கதவை மூடிவிட்டது. இவற்றை நான் குறையாகச் சொல்லவில்லை. கதவு மூடப்பட்டது நல்லதுதான். ஆனால் அதன் பொருள் என்ன? இனி ஒருவருக்கு ஒரு வரியைத் தள்ளுபடி செய்தால், அந்தத் தொகை இன்னொருவரின் வரியாகவோ இன்னொரு செலவின் வெட்டாகவோ உடனே மாறும். சம்பளத்தை வெட்ட முடியாது, ஓய்வூதியத்தை வெட்ட முடியாது, வட்டியை வெட்டவே முடியாது. அப்போது எது வெட்டுப்படும்? குளத்துக் கட்டைத் திருத்துகிற பணம், வைத்தியசாலைக் கட்டடம், பாதை. மூலதனச் செலவுக்காக யாரும் ஊர்வலம் போகமாட்டார்கள். ஆனால் அதுதான் பத்து ஆண்டு கழித்து வளர்ச்சியாக விளையவேண்டிய விதை. விதை நெல்லைக் குற்றிச் சாப்பிடுவது போன்றது அதை வெட்டுவது.

இப்போதைய வருமானத்தில் வாகன இறக்குமதியின் பங்கையும் கவனியுங்கள். 2020இல் நிறுத்திய இறக்குமதியை 2025 பெப்ரவரியில் திறந்ததும் சுங்கத்தில் பணம் கொட்டியது. ஐந்து ஆண்டு ஏக்கம் தீர்ந்தபின் அதே வேகத்தில் கொட்டாது. ஒரு நல்ல மாரிக்கு நிரம்பிய குளத்தைப் பார்த்துவிட்டு அடுத்த போகத்துக்கும் அதே தண்ணீர் என்று கணக்குப் போடுகிற விவசாயி எங்கள் பக்கத்தில் இல்லை.

இனி நான் கேட்க வந்தது.

எந்த வரியைக் கூட்டினாலும் குறைத்தாலும், யாருக்கு விலக்குக் கொடுத்தாலும், அது நடைமுறைக்கு வருமுன் ஒரு கணக்கு வெளியே வரவேண்டும். எவ்வளவு வரும் அல்லது போகும். எந்த வருமானத்தில் இருப்பவர் மேல் விழும். போகிறதை எது நிரப்பும். இரண்டு பக்கம் போதும். இதைச் செய்வதற்கு ஆளும் சட்டமும் இல்லையென்று சொல்ல முடியாது. பாராளுமன்ற வரவு செலவுத் திட்ட அலுவலகத்துக்கான சட்டம் 2023இல் நிறைவேறியிருக்கிறது. திறைசேரி தன் கணக்கைத் தானே போட்டுத் தானே சரி பார்ப்பதை விட, அந்த அலுவலகம் தனியாகப் போட்ட கணக்கு உங்கள் குழுவின் முன் வரட்டும். அது வராத எந்த வரித் திருத்தத்தையும் விவாதத்துக்கு எடுக்கமாட்டோம் என்று உங்கள் குழு ஒரு வழக்கத்தை ஏற்படுத்தலாம்.

சுங்கத் தீர்வைகளை முன்கூட்டிச் சொன்னால் பதுக்குவார்கள் என்று சொல்வீர்கள். ஒத்துக்கொள்கிறேன். அவற்றை இரவோடு இரவாகப் போடுங்கள், ஆனால் ஒரு மாதத்துக்குள் கணக்கைக் காட்டுங்கள். வற் வரிக்கும் வருமான வரிக்கும் அந்தச் சாக்கு இல்லை. அவற்றை ஆண்டின் தொடக்கத்தில் மட்டும், குறைந்தது மூன்று மாத அவகாசம் கொடுத்து மாற்றுங்கள்.

விலக்குகளில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். 2021இல் நிறைவேறிய கொழும்புத் துறைமுக நகரப் பொருளாதார ஆணைக்குழுச் சட்டம் 40 ஆண்டுகள்வரை வரிவிலக்குக் கொடுக்க இடம் வைத்தது. இன்று பிறக்கிற குழந்தை நடுவயதை எட்டும்வரை. முதலீடு வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் ஒவ்வொரு விலக்குக்கும் பக்கத்தில், யாருக்கு, எத்தனை ஆண்டு, இதுவரை விட்ட தொகை எவ்வளவு, அதனால் வந்த முதலீடும் வேலையும் எவ்வளவு என்று எழுதியிருக்கவேண்டும். மாதம் ஒன்றரை லட்சத்துக்கு மேல் ஒரு ரூபா உழைத்தாலும் என் வாடிக்கையாளர் கணக்குக் காட்டுகிறார். 40 ஆண்டு விலக்குப் பெறுகிறவர் ஆண்டுக்கொரு தாள் காட்டுவதில் என்ன கஷ்டம்?

இன்னொன்று, மொழி. 2024 ஜனவரியிலிருந்து 18 வயதுக்கு மேற்பட்ட எல்லாரும் வரி இலக்கம் பெறவேண்டும் என்று அறிவித்தபோது என் சிறிய அறையில் கூட்டம் நிறைந்துவிட்டது. இலக்கம் எடுத்தாலே வரி கட்டவேண்டும் என்று பயந்து வந்தவர்கள். கூலி வேலை செய்கிற ஓர் அம்மா, கையில் ஓர் அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தோடு இரண்டு மணித்தியாலம் காத்திருந்தார். கடிதம் தமிழில் இல்லை. அதில் பயப்பட ஒன்றுமில்லை என்று சொன்னதும் அழுதுவிட்டார். "தம்பி, மூன்று நாளாய் நான் நித்திரை கொள்ளேல்லை" என்றார். பதிவு என்பது வேறு, வரி என்பது வேறு என்று அவருடைய மொழியில் நாலு வரி எழுதியிருந்தால் அந்த மூன்று இரவும் அவர் நிம்மதியாகத் தூங்கியிருப்பார். ஆகவே நான் கேட்கிற கணக்கு ஆங்கிலத்தில் வந்து ஆறு மாதம் கழித்துத் தமிழுக்கும் சிங்களத்துக்கும் வரக்கூடாது. மூன்றும் ஒரே நாளில் வரட்டும்.

கடைசியாக, ஓராண்டு கழித்து அந்தத் தாளை மறுபடி எடுங்கள். இவ்வளவு வரும் என்றீர்கள், எவ்வளவு வந்தது? விலை குறையும் என்றீர்கள், குறைந்ததா? நாங்கள் சிறு கடைகளில் ஆண்டு முடிவில் கையிருப்பு எண்ணுவதைப் போலத்தான் இது. எண்ணாமல் விட்ட கடை ஒன்றும் நிலைத்ததை இந்தத் தொழிலில் நான் பார்த்ததில்லை.

வெளிநாட்டுக் கடனின் பெரிய தவணைகள் 2028இல் மீண்டும் தொடங்குகின்றன. அதற்கு முன் இன்னொரு தேர்தல் மேடையில் யாராவது ஏறி வரியைப் பாதியாக்குவேன் என்று சொல்லக்கூடும். 2019இல் நான் கைதட்டினேன். அடுத்த தடவை கைதட்டுமுன் அந்த இரண்டு பக்கத்தைக் கேட்பேன். அது உங்கள் குழுவின் கையொப்பத்தோடு என் மேசையில் இருந்தால், என்னிடம் கணக்குக் கொண்டுவருகிற ஒவ்வொருவருக்கும் நான் வாசித்துக் காட்டுவேன்.

உண்மையுள்ள,
வவுனியாவிலிருந்து ஒரு கணக்கெழுத்தாளன்